நெருக்கடியில் செல் ஏன் புரதம் செய்வதைக் குறைக்கிறது? வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நாகர்கோவிலில் விலங்கியல் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தக்கலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு உண்டு. புரத உற்பத்திப் பாடம் வரும்போதெல்லாம், எந்த வருடமானாலும், இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சில கேள்விகள் வகுப்பில் வராது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தியாக வரும். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைப் பிள்ளைகள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை எடுத்துக்கொண்டே போகும்.

டீச்சர், செல்லுக்கு ஸ்ட்ரெஸ்னு சொல்லுறீங்களே, அது பரீட்சை டென்ஷன் மாதிரியா?

இல்லை மக்கா. செல்லுக்கு மனம் கிடையாது. சூடு கூடுவது, அமினோ அமிலம் தீர்ந்துபோவது, ஆக்சிஜன் குறைவது, வைரஸ் உள்ளே வருவது, இரும்பு போதாமல் போவது, செய்த புரதம் சரியாக மடியாமல் குவிவது, ஆர்சனிக் போன்ற நஞ்சு சேர்வது என்று செல்லின் வழக்கமான வேலையைக் குலைக்கும் எதுவும் அதற்கு ஸ்ட்ரெஸ்தான். 'மன அழுத்தம்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வருகிறது என்பதால் நான் 'நெருக்கடி' என்றே சொல்கிறேன்.

மொழிபெயர்த்தல்னா என்னன்னு ஒருக்கா கூட சொல்லுங்க, மறந்து போச்சு.

டி.என்.ஏ-வில் இருக்கும் குறிப்பு எம்.ஆர்.என்.ஏ ஆகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் என்று கோத்துப் புரதம் செய்கிறது. அதுதான் மொழிபெயர்த்தல். நம் செல்களில் ஒரு ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைக் கோக்கும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆக அரை நிமிடத்துக்குள் ஒரு சங்கிலி தயார்.

இந்தப் பக்கத்துக்கு முக்கியம் தொடக்கப் படிதான். ரைபோசோமின் சிறிய துண்டு எம்.ஆர்.என்.ஏ-வின் தலைப்பக்கம் ஏறி, ஏ.யு.ஜி என்ற தொடக்க எழுத்துகளைத் தேடி நகரும். அது கிளம்பும்போதே முதல் அமினோ அமிலமான மெத்தியோனினைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து கொடுப்பது இ.ஐ.எஃப்.2 என்ற புரதம். அதற்கு எரிபொருள் மூன்று பாஸ்பேட் உள்ள ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறு. ஏ.யு.ஜி கிடைத்ததும் அதில் ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும், இ.ஐ.எஃப்.2 இரண்டு பாஸ்பேட்டோடு வெளியேறும். மறுபடி வேலைக்கு வர, பழையதை விட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொடுப்பது இ.ஐ.எஃப்.2பி என்ற இன்னொரு புரதம். கொளச்சல் துறையில் வள்ளம் கரைக்கு வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். இ.ஐ.எஃப்.2 வள்ளம், இ.ஐ.எஃப்.2பி எண்ணெய் நிரப்பும் பங்க்.

கஷ்டம் வந்தா கூடுதலா புரதம் செய்யத்தானே வேணும்? ஏன் நிறுத்துது?

எல்லாரும் இங்கேதான் தடுக்குகிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் உட்பட. இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது செலவு. ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அமினோ அமிலத்தை அதைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ-வில் ஏற்ற இரண்டு, ரைபோசோமில் கோக்க இரண்டு. ஒரு பீட்டா சங்கிலிக்கே கிட்டத்தட்ட 580 ஆகிறது. வளரும் செல்லில் ஆற்றலை அதிகம் தின்னும் வேலைகளில் இது ஒன்று. இரண்டாவது, நெருக்கடி நேரத்தில் செய்யும் புரதம் கெட்டுப்போகும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டியாவதைப் பார்த்திருக்கிறீர்கள். மடிந்திருந்த புரதம் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த கட்டி அது. செல்லுக்குள் அப்போதுதான் ரைபோசோமிலிருந்து வெளிவரும் பாதிச் சங்கிலிதான் இப்படி ஒட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளது. சூட்டில் இருப்பதைக் காப்பாற்றவே திணறும்போது மேலும் பாதிச் சங்கிலிகளைக் கொட்டினால் செல் தாங்காது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்ததை உங்களில் பலர் சிறுபிள்ளையாகப் பார்த்திருப்பீர்கள். மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. கிரைண்டர், ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பல்பும் போன் சார்ஜரும் மட்டும் வைத்திருந்தோம். கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவல் வராதா என்று அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். செல் செய்வதும் இதுதான். பெரிய இயந்திரங்களை அணைத்து, உயிர் காக்கும் ஒன்றிரண்டை மட்டும் ஓட்டுகிறது.

அப்போ யாரு அதுக்கு நிறுத்துன்னு சொல்லுறது?

நான்கு நொதிகள். நான்கும் கைனேஸ் வகை, அதாவது பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டுபவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆபத்துக்குக் காவல்.

பெர்க் என்பது எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் இருக்கிறது. வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் அந்த வலைக்குள்தான் மடிகின்றன. மடியாதவை குவிந்தால் பெர்க் விழித்துக்கொள்ளும். ஜி.சி.என்.2 அமினோ அமிலப் பஞ்சத்தைக் கவனிக்கிறது. சரக்கு ஏறாமல் வெறுமனே அலையும் டி.ஆர்.என்.ஏ-தான் அதற்கு அடையாளம். மரச்சீனிக் கிழங்கை மட்டும் தின்றால் வயிறு நிறையும், புரதம் மிகக் குறைவாகவே கிடைக்கும். நம் ஊரில் கூடவே மீன்கறி வைப்பதற்கு நாக்கு ஒரு காரணம் என்றால் உடம்பு இன்னொரு காரணம். பி.கே.ஆர். என்பது வைரஸ்களுக்கு எதிரான காவல், இரட்டை இழை ஆர்.என்.ஏ கண்ணில் பட்டால் எழும். நான்காவது எச்.ஆர்.ஐ. ஹீமோகுளோபினில் இரும்பு உள்ள பகுதியான ஹீம் குறைந்தால் எழும். மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றால் டி.இ.எல்.இ.1 என்ற புரதம் வெளியே வந்து இதே எச்.ஆர்.ஐ-யை எழுப்புகிறது என்பது 2020-ல் தெரியவந்தது.

எழுந்த பிறகு நான்கும் செய்வது ஒரே வேலை. இ.ஐ.எஃப்.2-ன் ஆல்ஃபா துண்டில் 51-ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. வேறு வேறு ஆபத்துகள் ஒரே பொத்தானுக்கு வந்து சேர்வதால் இதை ஒருங்கிணைந்த நெருக்கடி எதிர்வினை என்கிறார்கள். இத்தனை அழகான அமைப்பைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன்.

கொஞ்சம் இ.ஐ.எஃப்.2-ல மட்டும் பாஸ்பேட் ஏறினா, மொத்தமும் எப்படி நிக்கும்? மிச்சம் இருக்கிறது வேலை செய்யாதா?

நல்ல கேள்வி. பதில் பங்க்கில் இருக்கிறது. செல்லில் வள்ளங்கள் நிறைய, பங்க்குகள் குறைவு, அதாவது இ.ஐ.எஃப்.2-ஐ விட இ.ஐ.எஃப்.2பி குறைவு. பாஸ்பேட் ஒட்டிய இ.ஐ.எஃப்.2 பங்க்குக்கு வந்தால் எண்ணெயும் நிரப்பாது, நகரவும் நகராது. குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். பத்து வள்ளத்துக்கு இரண்டு பங்க் என்றால், அடைத்து நிற்க இரண்டு மூன்று வள்ளம் போதுமே. பின்னால் நிற்கும் நல்ல வள்ளங்களும் காலி டாங்கியோடு காத்துக்கிடக்கும்.

சுவிட்சை அணைத்தால் விளக்கு அணைவது போன்ற நிறுத்தம் இல்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். எத்தனை குழாய் அடைபட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு வேகம் குறையும். சிறு நெருக்கடிக்குச் சிறு குறைப்பு.

எல்லாம் நிக்கும்போது ஏ.டி.எஃப்.4 மட்டும் எப்படி வருது? அதுக்கும் இ.ஐ.எஃப்.2 வேணுமே?

வேண்டும். ஏ.டி.எஃப்.4 என்பது நெருக்கடியைத் தாங்க உதவும் ஜீன்களை இயக்கும் புரதம். அதுவும் இதே வழியில்தான் வரவேண்டும், அதனால்தான் இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். வாட்ஸாப்பில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு காகிதம் எடுத்து என்னோடு சேர்ந்து வரையுங்கள்.

நீளமாக ஒரு கோடு. அது ஏ.டி.எஃப்.4-ன் எம்.ஆர்.என்.ஏ. வலது பக்கம் ஒரு பெரிய பெட்டி, அதுதான் ஏ.டி.எஃப்.4 குறிப்பு. அதற்கு முன்னால் இடது ஓரத்தில் மிகச் சின்னதாக ஒரு பெட்டி, மூன்று அமினோ அமிலத்துக்கானது. அடுத்து நடுத்தரமாக ஒரு பெட்டி, 59 அமினோ அமிலத்துக்கானது. இந்த நடுப்பெட்டியின் வால் பெரிய பெட்டியின் தொடக்கத்தைத் தாண்டி உள்ளே நீண்டு கிடக்கும்படி வரையுங்கள். அங்கேதான் சூட்சுமம்.

ரைபோசோம் இடமிருந்து வருகிறது. சின்னப் பெட்டியை எப்போதும் படிக்கிறது. படித்து முடித்ததும் பெரிய துண்டு கழன்றுவிடும், சிறிய துண்டு மட்டும் கோட்டிலேயே நகர்ந்து போகும். ஆனால் இப்போது அதன் கையில் இ.ஐ.எஃப்.2 இல்லை. போகிற வழியில் புதிதாக ஒன்று கிடைத்தால்தான் அடுத்த பெட்டியைத் தொடங்க முடியும். நல்ல நாளில் உடனே கிடைத்துவிடும், நடுப்பெட்டியில் தொடங்கிவிடும். அதை முடிக்கும்போது ஏ.டி.எஃப்.4-ன் தொடக்கத்தைத் தாண்டியிருக்கும். அந்தப் புரதம் உருவாகாது. நெருக்கடி நாளில் இ.ஐ.எஃப்.2 கிடைக்க நேரமாகிறது. வெறுங்கையோடு நடுப்பெட்டியின் தொடக்கத்தைக் கடந்துவிடும். அதற்கும் பெரிய பெட்டிக்கும் நடுவில் ஒன்று கிடைக்கும். சரியாக ஏ.டி.எஃப்.4-ல் தொடங்கும். மற்ற எம்.ஆர்.என்.ஏ-க்களுக்கு இழப்பாக இருக்கும் அதே தாமதம் இதற்குத் திறவுகோலாகிறது.

இந்த வழிமுறை முதலில் தெளிவானது ஈஸ்டில். அங்கே ஜி.சி.என்.4 என்ற புரதம். முன்னால் நான்கு சின்னப் பெட்டிகள். ஆலன் ஹின்னபுஷ் பல ஆண்டுகள் அதில் வேலை செய்து அவிழ்த்தார். ஏ.டி.எஃப்.4 பிறந்ததும் செல்லின் உட்கருவுக்குள் போய், அமினோ அமிலம் தயாரிக்கவும் உள்ளே இழுக்கவும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்கவும் தேவையான ஜீன்களை இயக்கும்.

அப்போ சூடு பட்டா வர்ற ஹீட் ஷாக் புரதம் வேறயா?

வேறு வழி, அதே நோக்கம். 1962-ல் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி பழ ஈயின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தை ஏற்றிவிட்டார்கள். வழக்கமில்லாத இடங்களில் குரோமோசோம் உப்பி நின்றது. அந்த இடங்களில் புதிதாக ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வரும் புரதங்களை 1974-ல் கண்டார்கள். எச்.எஸ்.பி.70 அவற்றில் பெயர்பெற்றது. பிரிந்துபோன புரதங்களைப் பிடித்து, ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, மறுபடி மடிய உதவும்.

படியெடுத்த ஆர்.என்.ஏ-வில் புரதக் குறிப்பு இல்லாத இடைத்துண்டுகள் உண்டு, அவை இன்ட்ரான்கள். கடும் சூட்டில் அவற்றை வெட்டி எடுத்து மிச்சத்தை ஒட்டும் வேலையும் தடைபடும். எச்.எஸ்.பி.70-ன் ஜீனில் இன்ட்ரானே இல்லை. வெட்டி ஒட்டக் காத்திருக்காமல் நேராக ரைபோசோமுக்குப் போய்விடுகிறது.

நின்னுபோன எம்.ஆர்.என்.ஏ எல்லாம் அழிஞ்சிருமா?

பெரும்பாலும் இல்லை. தொடக்கப் படியில் சிக்கிய எம்.ஆர்.என்.ஏ-க்களும் சில புரதங்களும் சைட்டோபிளாசத்தில் துளித்துளியாகத் திரள்கின்றன. நெருக்கடித் துகள்கள் என்று பெயர். சுற்றிச் சவ்வு கிடையாது, எண்ணெய்த்துளி போல. ஆர்சனைட் விட்டால் சில நிமிடங்களில் தோன்றும், கழுவிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் கரையும். இத்தகைய துகள்களை 1980-களில் முதலில் பார்த்தது சூடேற்றிய தக்காளிச் செல்களில்.

எம்டார், ராபமைசின்னு வேற ஒண்ணு சொன்னீங்களே, அது எங்க வருது?

அது இன்னொரு வாசல். இ.ஐ.எஃப்.2 முதல் அமினோ அமிலத்தைக் கொண்டுவருகிறது என்றால், இ.ஐ.எஃப்.4இ என்பது எம்.ஆர்.என்.ஏ-வின் தலையைப் பிடித்து ரைபோசோமை ஏற்றுகிறது. உணவும் ஆற்றலும் இருக்கும்போது எம்டார் என்ற கைனேஸ் அதைச் சுதந்திரமாக விட்டுவைக்கும். பஞ்சம் வந்தால் எம்டார் ஓயும், அப்போது 4இ-பி.பி. என்ற புரதம் வந்து இ.ஐ.எஃப்.4இ-யைக் கட்டிப்போடும். முதலில் அடிபடுவது ரைபோசோமுக்கான புரதங்களின் உற்பத்திதான். வருமானம் நின்றால் புதுக் கட்டிடம் கட்டுவதை முதலில் நிறுத்துவோமே, அப்படி.

ராபமைசின் எம்டாரை அணைக்கும் மருந்து. ஈஸ்டர் தீவில் 1964-ல் எடுத்த மண்ணிலிருந்த பாக்டீரியா செய்வது. தீவின் சொந்தப் பெயரான ராபா நூயி மருந்தின் பெயரானது. சுரேன் சேகல் என்ற இந்தியவழி விஞ்ஞானி கனடாவில் அதைப் பிரித்தெடுத்தார். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

ரத்தக்குறைவுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா டீச்சர்?

உண்டு, நேரடியாக. இதைக் கேட்பது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது, தாழவே வேண்டாம்.

சிவப்பணுவின் புரதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஹீமோகுளோபின். குளோபின் சங்கிலியும் இரும்பு உள்ள ஹீமும் கணக்காகச் சேரவேண்டும். இரும்பு குறைந்தால் ஹீம் குறையும். குளோபின் மட்டும் வந்துகொண்டிருந்தால் துணையில்லாத சங்கிலிகள் படிந்து செல்லைக் கெடுக்கும். ஹீம் இருக்கும்வரை எச்.ஆர்.ஐ-யில் ஒட்டி அதை அடக்கி வைத்திருக்கும். ஹீம் குறைந்ததும் எச்.ஆர்.ஐ எழுந்து குளோபின் உற்பத்தியைக் குறைக்கும். சரக்கு குறைந்த செல் சிறிதாகவும் வெளுத்தும் வரும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, குறைந்திருப்பதன் பின்னால் இந்தக் கட்டுப்பாடும் இருக்கிறது. எச்.ஆர்.ஐ இல்லாத எலிகளுக்கு இரும்பு குறைத்துப் பார்த்தபோது செல் சிறிதாகவில்லை, உள்ளே குளோபின் படிவுகள் சேர்ந்தன, சோகை இன்னும் மோசமானது. சின்னச் செல் என்பது உங்கள் உடம்பு பாதுகாப்பாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் அது தீர்வு ஆகாது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைப் பைக்குள் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தலசீமியாவிலும் செல் சிறிதாகும், ஆகவே காரணம் எது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சக்கரை நோய் இதனால வருமா?

மிக அரிதான ஒரு வகை வரும். கணையத்தின் பீட்டா செல் நாள் முழுக்க இன்சுலினை மடித்து அனுப்புகிறது. பெர்க் காவல் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பீட்டா செல் அழிந்து சர்க்கரை வரும். வால்காட்-ராலிசன் நோய் என்று பெயர். ஜீன் 2000-ல் தெரிந்தது. நம் அப்பா அம்மாக்களுக்கு வருவது இரண்டாம் வகை. அதில் பல காரணங்கள் சேர்கின்றன. ஒரே கைனேஸின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

வைரஸுக்கும் நம்ம ரைபோசோம்தானே வேணும்? அது இதை ஏமாத்தாதா?

ஏமாற்றும். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. பி.கே.ஆர். எல்லாவற்றையும் நிறுத்தினால் வைரஸும் பட்டினி. அதனால் பல வைரஸ்கள் தங்கள் இரட்டை இழையை மறைக்கவோ பி.கே.ஆரைத் தடுக்கவோ புரதம் வைத்திருக்கின்றன.

போலியோ வைரஸ் இன்னும் துணிச்சலானது. எம்.ஆர்.என்.ஏ-வின் தலையையும் ரைபோசோமையும் இணைக்கும் இ.ஐ.எஃப்.4ஜி-யை அது வெட்டிவிடும். நம் எம்.ஆர்.என்.ஏ-க்களுக்கு வழி அடைபடும். அதன் சொந்த ஆர்.என்.ஏ-வுக்குத் தலையே தேவையில்லை. நடுவில் உள்ள ஒரு மடிப்பில் ரைபோசோம் நேராக இறங்கும். அந்த உள்வாசலை 1988-ல் கண்டறிந்தார்கள்.

ரப்பர் மரத்துக்கும் மீனுக்கும் இதெல்லாம் உண்டா?

கீரிப்பாறைப் பக்கமிருந்து வரும் ஒரு பையன் கேட்டது. அவன் அப்பா பால் வெட்டுபவர்.

செடிகளுக்கு நான்கில் ஜி.சி.என்.2 மட்டும் இருக்கிறது. ரப்பர் பால் என்பது மரத்தின் பால்குழாய்ச் செல்களுடைய சைட்டோபிளாசம். ஒவ்வொரு வெட்டிலும் புரதமும் ரைபோசோமும் சேர்ந்தே சிரட்டையில் வடிகிறது. இழந்ததை மரம் மறுபடி செய்யவேண்டும். ஒரு நாள் விட்டு வெட்டும் வழக்கம் அந்த அவகாசத்துக்கானது. மீன்களுக்கு நம்மை விட ஒன்று கூடுதல். நான்கோடு பி.கே.இசட். என்ற ஐந்தாவது கைனேஸ் பல மீன்களில் உண்டு. பாக்டீரியாவில் இ.ஐ.எஃப்.2 ஏற்பாடு கிடையாது. அமினோ அமிலம் தீர்ந்தால் பி.பி.ஜி.பி.பி. என்ற சிறு மூலக்கூறு உருவாகி ரைபோசோம் உற்பத்தியை அடக்கும். 1969-ல் அதைக் கண்டவர்கள் மந்திரப் புள்ளி என்று பெயரிட்டார்கள்.

மணவாளக்குறிச்சி மணல்ல கதிர்வீச்சு கூடுதலாமே, அதுக்கும் செல் இப்படித்தான் நிறுத்துமா?

அந்த மணலில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு, ஆகவே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விடக் கூடுதல். ஆனால் அந்த வகைக் கதிர்வீச்சு முதன்மையாகத் தாக்குவது டி.என்.ஏ-வை. அதைப் பழுதுபார்க்க செல்லுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அது வேறு பாடம். கடற்கரை வெயிலின் புற ஊதாக் கதிர்தான் இந்தப் பக்கத்துக்குச் சேரும். அது ஆர்.என்.ஏ-வையும் சேதப்படுத்துகிறது. பழுதான இடத்தில் ரைபோசோம் நின்றுவிட, பின்னால் வருவது வந்து மோதும். அந்த மோதலே ஜி.சி.என்.2-ஐ எழுப்பும்.

நீட்ல இது வருமா?

மொழிபெயர்த்தலும் லாக் ஓப்பரானும் பாடத்தில் உண்டு, அவற்றை நன்றாகப் படியுங்கள். இது அதற்கு மேலே. புரிந்தால் தொடக்கப் படி மறக்காது.

நெருக்கடி தீர்ந்ததும் மறுபடி எப்படித் தொடங்கும்? தொடங்காமலே போனா?

நிறுத்தும்போதே திரும்பத் தொடங்கவும் ஏற்பாடாகிவிடுகிறது. ஏ.டி.எஃப்.4-ம் அதன் பின்வரும் சாப் என்ற புரதமும் கேட்34 என்பதைக் கொண்டுவருகின்றன. கேட்34 ஒரு பாஸ்பட்டேஸ் நொதியை அழைத்துவந்து, 51-ஆவது செரினில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும். பங்க் திறந்துவிடும். கேட்34-ன் எம்.ஆர்.என்.ஏ-விலும் முன்னால் சின்னப் பெட்டி உண்டு. ஆகவே நெருக்கடியிலும் அது மொழிபெயர்க்கப்படும்.

பங்க்கே பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான உதாரணம் ஒன்று. இ.ஐ.எஃப்.2பி ஜீனில் பிழையுள்ள குழந்தைகள் சிலர் நன்றாக நடந்து ஓடி விளையாடுவார்கள். ஒரு காய்ச்சல், தலையில் ஒரு சின்ன அடி, அதன்பின் மூளையின் வெண்பகுதி மங்கத் தொடங்கும். மறையும் வெண்பொருள் நோய் என்கிறார்கள். காரணம் 2001-ல் தெரிந்தது. மற்றவர்களின் செல் தாங்கிக்கொள்ளும் சிறு நெருக்கடியை அவர்களின் செல்லால் தாங்க முடிவதில்லை. 2013-ல் பீட்டர் வால்ட்டரின் ஆய்வகம் இஸ்ரிப் என்ற மூலக்கூறைக் கண்டது. இ.ஐ.எஃப்.2பி-யின் இரண்டு பாதிகளையும் ஊக்குப் போட்டதுபோல் சேர்த்துப் பிடித்து அது பங்க்கைத் திறக்கிறது. எலிகளின் நினைவாற்றல் கூடியது. அந்த வழியில் மருந்துகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போ சீக்கிரம் தொடங்கினா நல்லதுதானே? சாப் செல்லைக் கொல்லும்னு புக்ல இருக்கே, அது எப்படி?

இதைக் கேட்டவள் மூன்றாம் வருட மாணவி. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

சாப் வந்த உடனே செல் செத்துவிடாது. சாப்பும் ஏ.டி.எஃப்.4-ம் சேர்ந்து புரத உற்பத்தியை மீண்டும் தூக்கிவிடுகின்றன. வலைப்பின்னலில் மடியாத குவியல் அதற்குள் தீர்ந்திருந்தால் செல் பிழைக்கும். தீராமல் இருக்கும்போதே உற்பத்தி ஏறினால் குவியல்மேல் குவியல் சேர்ந்து, ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகி, செல் தன்னையே அழித்துக்கொள்ளும். 'ஏன் நிறுத்துது' என்ற பதிலில் சொன்ன பாதிச் சங்கிலிகளை நினைத்துப் பாருங்கள், அதே ஆபத்துதான். ஆக அதிக நேரம் மூடியிருந்தாலும் கேடு, முன்கூட்டித் திறந்தாலும் கேடு. மருந்து தேடுபவர்களுக்கு இது கடினமாக இருப்பதும் இதனால்தான். ஒரு நோயில் பங்க்கைத் திறக்கவேண்டியிருக்கிறது, இன்னொன்றில் இன்னும் கொஞ்சம் மூடி வைக்கவேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நம்ம லேப்ல பார்க்க முடியுமா?

பாஸ்பேட்டைப் பார்க்க முடியாது. அதற்கான கருவி நம்மிடம் இல்லை. ஆனால் விளைவைப் பார்க்கலாம். சோயா நாற்றுகளை நேராக 45 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் செத்துவிடும். முதலில் 40 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துவிட்டு 45-க்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்ளும். முதல் சூட்டில் செய்த ஹீட் ஷாக் புரதங்கள் இரண்டாம் சூட்டைத் தாங்க உதவுகின்றன.

சிறுபயறில் முயலுங்கள். இரண்டு நாள் முளைகட்டிய பயறை ஈரத்துணியில் மூன்று தட்டாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே இருக்கட்டும். ஒன்று நேராகப் பெரிய சூட்டுக்கு. ஒன்று 40-ல் இருந்துவிட்டுப் பெரிய சூட்டுக்கு. பயறுக்குப் பெரிய சூடு எத்தனை டிகிரி என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். 45-ல் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். துணி காய்ந்தால் எல்லாம் வீண். மூன்றாம் நாள் வேர் நுனி பழுப்பாகிச் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு வேரையும் ஸ்கேலில் அளந்து, எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். எதிர்பார்த்தபடி வராத எண்களையும் அடிக்காமல் அனுப்புங்கள்.